கடைசிப் பந்தியில் உட்கார்ந்த கோப்பு

"எல்லாத்தையும் சுருக்கி வச்சிட்டேன் மேடம், ஒரிஜினலை அழிச்சிரவா?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் உச்சந்தலையில் பற்றிக்கொண்டு வரும். என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். புதிதாக வருகிறவர்கள்தான் தெரியாமல் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். விரித்துப் பார்த்தாயா என்று கேட்பேன். "எதுக்கு மேடம், சைஸ் சரியா வந்திருக்கே" என்பார்கள். அந்த வார்த்தையை என் காது தாங்காது. நானும் ஒரு காலத்தில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னதற்குப் பலனை அனுபவித்தது என் அண்ணன்.

கமுதிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலமுள் வெட்டிக் கரிமூட்டம். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல வானம் கைவிட்டபோது அண்ணன் இராமேஸ்வரத்துக்கு விசைப்படகில் கூலிக்குப் போனான். அதுவரை கடலில் கால் நனைத்தது ஆடி அமாவாசைக்கு மட்டும்தான். முதல் வாரம் வாந்தி எடுத்தே பாதி ஆளாகிவிட்டான். அய்யாவுக்கு இது பெரிய தலைகுனிவு.

"கரிசக்காட்டுக்காரன் கடல்ல போயி என்னத்தடா அள்ளப்போற" என்றார்.

"காட்டுல மட்டும் என்னத்த அள்ளிட்டோம்" என்று அண்ணன் கேட்டான்.

என்னை இராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். ஒரு வருஷப் படிப்பு. முப்பது பேருக்கு மூன்று மிஷின்கள். அதில் ஒன்று பெரும்பாலும் துணி போர்த்திக்கொண்டு தூங்கும். வாத்தியார் ஜாவா புரோகிராமைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். நாங்கள் நீள நோட்டில் எழுதிக்கொள்வோம். ஓட்டிப் பார்ப்பது என்பது வாரத்தில் ஒரு நாள், ஆளுக்கு இருபது நிமிஷம். பலகையின் அடிப்பகுதிக்கு வந்ததும் அவருக்கு இடம் தீர்ந்துவிடும், கையும் வலித்துவிடும். ஒரு நாள் கோப்பில் எழுதும் பாடம் நடத்தினார். திறப்பது, எழுதுவது வரைக்கும் வந்தது. திறந்ததை மூட வேண்டாமா சார் என்று யாரோ கேட்டார்கள்.

"அதெல்லாம் தானா ஆயிரும்மா. ஜாவா பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு டஸ்டரைத் தட்டினார்.

தானா ஆயிரும். இந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பாலத்தில் ரயில் தானாகப் போகிறதா, வலை தானாகக் கரைக்கு வருகிறதா? உலகத்தில் எது தானாக ஆகியிருக்கிறது? ஆனால் அன்று நான் தலையை ஆட்டிக்கொண்டு அதையும் நோட்டில் எழுதினேன். எழுதியதற்கு அடியில் கோடு வேறு போட்டேன்.

படிப்பு முடிந்ததும் இராமேஸ்வரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு படகுத் தொழிலாளர் சங்கத்தில் வேலை கிடைத்தது. புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். ஒரே அறை. ஜன்னல் கம்பியைத் தொட்டால் உப்பும் துருவும் கையோடு வரும். யாரோ கொடுத்த பழைய கணினி ஒன்று, அதைவிடப் பழைய ஸ்கேனர் ஒன்று. சங்கத்தின் செயலாளர் ஒருவர், பிறகு நான். வேறு ஆள் கிடையாது.

வேலை இதுதான். படகில் கூலிக்குப் போகிற ஒவ்வொருவரும் தன் அடையாள அட்டையையும் குடும்ப அட்டையையும் கொண்டுவருவார்கள். இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வைத்து, சங்க முத்திரை குத்தி, செயலாளர் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை நான் படம் எடுத்துக் கணினியில் ஏற்றுவேன். ஆளுக்கு ஒரு படம், படகுக்கு ஒரு உறை. எதற்கு என்றால், கடலுக்குப் போகிறவர்கள் அட்டையின் அசலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். நகலைக் காட்டினால் துறையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அசலைப் பாலித்தீன் தாளில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். பிடித்தவர்கள் பறித்துக்கொண்டாலோ படகு மூழ்கினாலோ அந்த அசலும் போச்சு. அப்புறம் இவன் மீன்பிடிக்கத்தான் போனான், வேறு எதற்கும் போகவில்லை என்று அக்கரையில் நிரூபிக்க மிச்சம் இருப்பது எங்கள் கணினியில் இருக்கும் படம் ஒன்றுதான்.

அண்ணன் தன் படகில் எல்லோருக்கும் முன்னால் தாளைக் கொண்டுவந்து நீட்டினான். நானும் சந்தோஷமாக அவனை முதல் ஆளாகப் பதிந்தேன். செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, டிரைவருக்கு முன்னாடி உங்க அண்ணனா? வேலைக்கு வந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள சொந்தக்காரங்களுக்கு முதல் இடமா?"

கூட நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அண்ணன்தான் சமாதானம் சொன்னான்.

"கடைசியில போடு ஆத்தா, எதுக்கு வம்பு? நம்ம வீட்டு ஆளு கடைசிப் பந்திதான?"

எங்கள் பக்கம் அப்படித்தான். வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ நடந்தால் வந்த சனம் எல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டு ஆட்கள் இலையில் உட்காருவோம். முதல் பந்தியில் உட்கார்ந்தவனை ஊர் சும்மா விடாது. அண்ணன் கல்யாணத்தன்று எனக்கு இலையில் விழுந்தது அடிப்பிடித்த சோறும் ரசமும்தான். அது எனக்குக் குறையாகவும் தெரியவில்லை. அதே புத்தியோடு பட்டியலைத் திருத்தினேன். டிரைவர், வலைக்காரர்கள் இரண்டு பேர், சமையல் பார்க்கிறவர், கடைசியில் அண்ணன். ஐந்தாவது பெயர். செயலாளர் திருப்தியாகப் போனார்.

ஏழெட்டு மாதத்தில் கணினியில் இடம் தீர்ந்துவிட்டது. எங்கள் ஸ்கேனர் எடுக்கும் படம் எதையும் சுருக்காமல் புள்ளி புள்ளியாக எழுதி வைக்கும் வகை. ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுத்தாலும் 'வெள்ளை, வெள்ளை, வெள்ளை' என்று லட்சக்கணக்கான தடவை எழுதி வைக்கும். செயலாளர் வந்து பார்த்தார்.

"இடம் இல்ல இடம் இல்லன்னு மிஷின் கத்துது. எல்லாத்தையும் சுருக்கி வச்சிட்டுப் பழசை அழி."

"சார், ஒரு சி.டி.யில பழசை ஏத்தி வச்சிக்கிட்டு அழிப்போமே" என்றேன்.

"எதுக்கு? அதான் சுருக்குனதுக்குள்ள இருக்குல்ல. ரெண்டு ரெண்டா வச்சிக்கிட்டு என்ன செய்ய?"

அப்போது கணினியில் இருந்த சுருக்கும் மென்பொருள் முப்பது நாள் இலவசம் முடிந்து, திறக்கும்போதெல்லாம் மூஞ்சியில் ஒரு பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது. சரி, நானே எழுதிவிடுகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. படித்த படிப்பைக் காட்ட வேண்டும் என்ற திமிர்தான்.

சுருக்குவது என்றவுடன் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மிளகாய் மூட்டைதான் நினைவுக்கு வரும். சாக்கில் மிளகாயைக் கொட்டி ஏறி நின்று மிதிப்பார்கள். கொஞ்சம் மிளகாய் உடையும், விதை கொட்டும், நெடி ஏறும். கோப்பைச் சுருக்குவதில் ஒரு விதைகூடக் கொட்டக்கூடாது. அது பத்திரம் எழுதுகிறவர் 'மேற்படி' போடுவது மாதிரி. மேற்படி கிராமம், மேற்படி விலாசம் என்று எழுதினால் ஒருமுறை எழுதியதை மறுபடி எழுத வேண்டாம். கணினியும் அதைத்தான் செய்கிறது. பின்னால் இத்தனை எழுத்துத் தள்ளிப் போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள் என்று குறித்து வைக்கும். விரிக்கும்போது ஒவ்வொரு மேற்படிக்கும் பழைய இடத்தைப் பார்த்து முழுசாக எழுதிக்கொண்டே வரும். சுருக்கிய கோப்புகளையெல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டி முடித்த பிறகு கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை எழுதும்: இந்தப் பொட்டலத்தில் இத்தனை கோப்புகள், எது எங்கே தொடங்குகிறது என்று. பிறகு திறக்கிறவர்கள் முதலில் தேடிப்போவது அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான்.

இதற்கெல்லாம் ஜாவாவில் ஆயத்தமாகக் கருவிகள் இருந்தன. நான் எழுத வேண்டியது நாற்பது வரிகள்கூட இல்லை. பட்டியலைப் படி, ஒவ்வொரு ஆளின் படத்தையும் எடு, பொட்டலத்துக்குள் தள்ளு, அடுத்த ஆள். ஆள் தீர்ந்ததும் அடுத்த படகு, அடுத்த பொட்டலம். நான்கு நாளில் முடித்தேன். பத்துப் பங்கு இருந்தது ஒரு பங்காக வந்தது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பரவாயில்லையே. சைஸ் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார்."

அழிப்பதற்கும் என் புரோகிராமிலேயே ஒரு வரி போட்டிருந்தேன். படகு முடிந்ததும் அந்தப் படகின் பழைய படங்களை அதுவே துடைத்துவிடும். அறுபது படகுக்கு மேல் அப்படித் துடைத்தேன். ஒரே ஒரு பொட்டலத்தை, ஒரே ஒரு தடவை, விரித்துப் பார்த்தேனா? பார்க்கவில்லை. சுருக்கத் தெரிந்தது, விரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. சோறு வடித்தவள் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பாள். எனக்கு அந்த அறிவுகூட இல்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் வரவில்லை. பக்கத்தில் வலை போட்டிருந்தவர்கள் வந்து சொன்னார்கள், அக்கரைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று. ஐந்து பேர். என் அண்ணன் படகு.

துறையில் கூடிய பெண்கள் எல்லாம் அழுதுகொண்டிருந்தார்கள். மதினியும் வந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனோடு இங்கேதான் குடியிருந்தாள். அழுத பெண்களை அவள்தான் தேற்றினாள்.

"பேப்பர் எல்லாம் சங்கத்துல பத்திரமா இருக்கு. எங்க நாத்தனாதான் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கா. அனுப்புனா விட்டுருவாங்க" என்றாள். என்னைப் பார்த்து அந்தப் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

அக்கரையில் ஒரு வக்கீல் இருந்தார். புதன்கிழமை கோர்ட்டில் நிறுத்துகிறார்கள், அதற்குள் ஐந்து பேரின் தாள்களையும் மெயிலில் அனுப்புங்கள், மீன்பிடித் தொழிலாளி என்று காட்டினால் அன்றைக்கே திருப்பி அனுப்பக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் இருந்தது. எனக்கு அவசரமே தோன்றவில்லை. போய் உட்கார்ந்து அந்தப் படகின் பொட்டலத்தைத் திறந்தேன்.

இது சரியான பொட்டலம் அல்ல, திறக்க முடியாது என்று வந்தது.

மறுபடி திறந்தேன். அதேதான். வேறு படகுடையதைத் திறந்தேன். அதுவும் திறக்கவில்லை. அறுபதில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. செயலாளர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? சைஸ் சரியா இருக்குன்ன?"

"சார், அழிச்சிருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் அழிக்கச் சொன்னேன். கெடுக்கச் சொன்னேனா?"

அவர் கத்தினார், நானும் கத்தினேன். அதுவரை நான் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. சி.டி.யில் வைப்போம் என்று சொன்னதை நினைவுபடுத்தினேன். அவர் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சாதித்தார். வெளியே பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாம் அவர்கள் காதில் விழுந்தது.

அவர் போன பிறகு என் புரோகிராமை வரி வரியாக விரலை வைத்துப் படித்தேன். முப்பத்தெட்டாவது வரிக்குக் கீழே விஷயம் இருந்தது. அதாவது, இல்லாமல் இருந்தது. பொட்டலத்தை மூடும் வரி இல்லை. குளோஸ் என்ற ஒரு சொல், ஒரு ஜோடி அடைப்புக்குறி, ஓர் அரைப்புள்ளி. அதைச் சொன்னால்தான் கடைசியில் அட்டவணை எழுதப்படும். சொல்லாததால் ஒரு பொட்டலத்துக்கும் கடைசிப் பக்கம் இல்லை. தானா ஆயிரும், ஜாவா பாத்துக்கும். இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் பஸ் ஏற நேரம் இல்லை.

யோசித்தேன். அட்டவணைதான் இல்லை, சரக்கு உள்ளே இருக்கிறது. சைஸ் சரியாக இருப்பதற்கு அர்த்தம் அதுதான். கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல், முதல் பக்கத்திலிருந்து வரிசையாக நடந்துபோய் ஒவ்வொரு கோப்பாக எடுத்தால் என்ன? ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அதன் பெயர் இருக்கும். அப்படி முன்னாலிருந்து படிக்கவும் ஜாவாவில் ஒரு கருவி இருந்தது. திங்கட்கிழமை முழுக்க அதை எழுதினேன். இந்தத் தடவை திறந்ததையெல்லாம் மூடினேன். ஒரு வரிக்கு மூன்று தடவை பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டினேன். செயலாளரும் மதினியும் பக்கத்தில் இருந்தார்கள். முதல் படம் வந்தது: டிரைவர், முழுத்தாள், முத்திரையோடு. மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. நான்காவது, சமையல் பார்க்கிறவர், கண்ணாடி போட்ட போட்டோ, அதுவும் வந்தது. செயலாளர் பெரிதாக மூச்சு விட்டார்.

ஐந்தாவதில் நின்றுவிட்டது. எதிர்பாராமல் கோப்பு முடிந்துவிட்டது என்று ஒரு செய்தி.

அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அடுத்த ஆளை உள்ளே விடும்போது முந்தைய ஆளின் கதவை அந்தக் கருவி தானே சாத்திவிடும். அதனால் முதல் நான்கு பேரும் முழுசாக இருந்தார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. அவன் கதவைச் சாத்த வேண்டியது நான்தான். நான் சாத்தாததால் எழுதக் காத்திருந்த மிச்சம் நினைவகத்திலேயே அழிந்துவிட்டது. எந்தப் படகானாலும் கடைசி ஆளுக்கு மட்டும்தான் இந்தக் கதி. அந்தக் கடைசியில் என் அண்ணனை என் கையாலேயே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறேன்.

வந்தவரைக்கும் போதும் என்று அந்தத் துண்டை வெளியே எடுத்தேன். பற்றாத இடத்தைச் சுழியத்தால் நிரப்பிப் படமாகத் திறந்தேன். அந்த வகைப் படத்தைக் கணினி அடிவரியில் தொடங்கி மேல்நோக்கி எழுதும். அதனால் தாளின் கீழ்ப்பாதி வந்திருந்தது. சங்க முத்திரை இருந்தது, செயலாளர் கையெழுத்து இருந்தது. போட்டோவில் சட்டைக் காலர், கழுத்து, மோவாய், மீசை வரைக்கும் இருந்தது. அதற்கு மேலே ஒரே கறுப்பு. மூக்கு இல்லை, கண் இல்லை. அதற்கும் மேலே அச்சடித்திருந்த பெயரும் படகு எண்ணும் இல்லை.

மதினி திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது அவுகதான். மீசை அவுக மீசைதான்" என்றாள். "இத அனுப்பு. தெரியாமலா போகும்?"

அனுப்பினோம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஐந்தையும் அனுப்பினேன். புதன் சாயங்காலம் வக்கீல் போனில் பேசினார். செயலாளர் ரிசீவரை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். நாலு பேருடையதை ஒத்துக்கொண்டார்கள். ஐந்தாவது ஆளுக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. ஊரைக் கேட்டால் கடலே இல்லாத ஊரைச் சொல்கிறார். பரம்பரைத் தொழிலா என்று கேட்டால் மிளகாய்க்காடு என்கிறார். மீன்பிடிக்க வந்தவர் என்று எப்படி நம்புவது என்று கேட்கிறார்கள் என்றார். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். அங்கே போயும் உண்மையைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறான்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் கொதிக்கும். சங்கத்தில் புதுச் சான்று எழுதிக் கொடுத்தோம். பிடிபட்ட பிறகு போட்ட தேதி, செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். அய்யா ஊரில் அலைந்து ஒரு சான்றிதழ் வாங்கி வந்தார். அதில் 'விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதை அனுப்பியிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் உள்ளே வைத்திருப்பார்கள். அய்யா அதை எவ்வளவு பெருமையாக நீட்டினார் தெரியுமா? அவரிடம் என்னவென்று சொல்வது. வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் நாலு பேரும் திரும்பினார்கள். துறையில் மாலை போட்டார்கள். மதினி கூட்டத்துக்கு வெளியே நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"எல்லார் பேப்பரும் நல்லாருக்கு. நம்ம பேப்பருக்கு மட்டும் என்னத்தா வந்துச்சு?" என்று கேட்டாள்.

மறைக்க முடியவில்லை. கடைசியில் இருப்பது மட்டும் கெட்டுப்போகிற மாதிரி நான் எழுதிவிட்டேன், சொந்தக்காரனுக்கு முதல் இடமா என்று கேட்டார்கள் என்பதற்காக அண்ணனைக் கடைசியில் போட்டதும் நான்தான் என்று சொன்னேன்.

"உன்னைய எவனாச்சும் குத்தம் சொல்லிருவானோன்னு கூடப்பிறந்தவனக் கடைசியில போட்டியா?" என்றாள். சத்தம் போடவில்லை. "நல்லாருக்குடி உன் நியாயம்." அதற்குப் பிறகு ஆறு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. பேசாததில் எனக்கு வருத்தம் இல்லை. நான் அவளாக இருந்திருந்தால் அடித்தே இருப்பேன்.

அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். பிறகு ஒவ்வொரு படகின் பொட்டலத்தையும் முன்னாலிருந்து நடந்து விரித்துப் பார்த்தேன். அறுபது படகிலும் கடைசி ஆளுக்கு மீசை வரைக்கும், இல்லாவிட்டால் மோவாய் வரைக்கும்தான் இருந்தது. அந்தக் கடைசி ஆள் யார் என்று பார்த்தால், எல்லாப் படகிலும் கடைசியாகச் சேர்ந்த கூலி, கேட்க நாதி இல்லாதவன், உள்நாட்டிலிருந்து வந்தவன். முதலாளியின் மச்சினன் ஒருவன்கூடக் கடைசியில் இல்லை. அத்தனை பேரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு மறுபடி தாள் வாங்கிப் படம் எடுத்தேன். செயலாளர் வந்து புரோகிராமைப் பார்த்தார்.

"ஒரே ஒரு வரிதானாம்மா?" என்றார்.

"ஆமா சார். ஒரே ஒரு வரிதான்" என்றேன். அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

அண்ணன் ஏழு மாதம் கழித்து வந்தான். வக்கீல் வேறு எப்படியோ வாதாடி வெளியே கொண்டுவந்தார். பாதி உடம்பாக இருந்தான். நேராக ஊருக்குக் கூட்டிப்போனோம். அய்யா நேர்ந்துகொண்டிருந்த கிடாயை வெட்டினார். சொந்தம் எல்லாம் வந்து இலையில் உட்கார்ந்தது. பார்க்கிறேன், அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

"வாளிய வை. முதப் பந்தியில உக்காரு" என்றேன்.

"வந்த சனம் சாப்புடட்டும் ஆத்தா. நாம கடைசியில..."

வாளியை அவன் கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டேன். சோறு சிதறியது. "உக்காருன்னு சொல்றேன்ல" என்று நான் போட்ட கத்தலில் பந்தியே திரும்பிப் பார்த்தது. அய்யா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மதினிதான் ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக என் பக்கம் பேசினாள். "அவ சொல்றபடி உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தான். நான்தான் சோறு போட்டேன். குனிந்து போடும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அங்கன அன்னைக்கு விடுதலைக்குப் பேரு வாசிச்சாங்க. டிரைவர், வலைக்காரவுக, சமையல்காரர்னு நாலு பேரு. ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனாங்க. எனக்கு ஒரு பதட்டமும் இல்ல. நீ கடைசியிலதான போட்டிருக்க, அடுத்தது நாந்தான்னு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னேன். அந்த ஆளு தாளை மடிச்சுப் பையில வச்சிட்டான். அப்பவும் நின்னேன் ஆத்தா. மறந்துட்டு மறுபடி பிரிப்பான்னு நின்னேன்."

என் கையில் இருந்த கரண்டி அவன் இலைமேல் அப்படியே நின்றது. "போதும், போடாத" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அது இன்னும் தீரவில்லை.